கரிசல் தண்ணீருக்கு ஒரு சலவைத்தூள்

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணையில் ஒருவர் முதன்முதலாக வீட்டில் சலவைத்தூள் செய்யப் போகிறார் என்றால், கடைக்குப் போகும் முன் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தன் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது. மூடி போட்ட இரண்டு கண்ணாடிப் புட்டிகள் போதும். ஒன்றில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் அரை டம்ளர், மற்றதில் போர்வெல் தண்ணீர் அரை டம்ளர். குளியல் சோப்பு ஒன்றைக் கத்தியால் சுரண்டி, ஒரே அளவு துருவலை இரண்டிலும் போட்டு, ஊறவிட்டுக் குலுக்க வேண்டும். மழைத் தண்ணீரில் நுரை கழுத்து வரை ஏறி அப்படியே நிற்கும். போர்வெல் தண்ணீரில் நுரை வருவதற்குப் பதிலாகத் திரிந்த பாலைப் போல வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். இன்னும் கொஞ்சம் சோப்பு போட்டுக் குலுக்கினால் துணுக்குதான் கூடும், நுரை வராது.

இப்போது மூன்றாவது புட்டி. அதே போர்வெல் தண்ணீர். இதில் சோப்பு போடும் முன் ஒரு சிட்டிகை சலவைச் சோடாவைக் கரைத்துவிட வேண்டும். தெளிந்திருந்த தண்ணீர் சில நொடிகளில் கலங்கும். அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் மெல்லிய வெள்ளைப் பொடி படியும். மேலே நிற்கும் தெளிவை வடித்து எடுத்து, அதில் சோப்பைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். மழைத் தண்ணீரில் வந்த அளவு இல்லாவிட்டாலும் நல்ல நுரை வரும்.

"இந்த உப்புத் தண்ணிக்கு சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலை சிக்குப் பிடிச்சுக்கும்" என்று சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் சொல்வது முழுக்க முழுக்க வேதியியல். மூன்று புகாருக்கும் காரணம் ஒன்றுதான்: தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்குகிறது. தலைமுடியில் சோப்புத் துணுக்கு ஒட்டிக்கொள்கிறது. துணியிலும் அதே துணுக்குதான். வெள்ளை வேட்டி நாளடைவில் பழுப்பேறுவதற்கும், துவைத்த துண்டு காய்ந்ததும் விறைத்து நிற்பதற்கும் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இழப்பின் அளவு தெரியும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012 திருத்தம்) கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது; வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை ஒப்புகிறது. உங்கள் போர்வெல் தண்ணீர் அந்த 600 என்ற எல்லையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளி ஒன்றில் 12 கிராம் கடினத்தன்மை இருக்கும். ஒவ்வொரு கிராம் கடினத்தன்மையும் ஏறக்குறைய 6 கிராம் சோப்பைத் துணுக்காக மாற்றி வீணாக்குகிறது. ஆக, ஒரு வாளிக்கு 70 கிராமுக்கு மேல் சோப்பு, அழுக்கைத் தொடும் முன்பே போய்விடுகிறது. அதே 12 கிராம் கடினத்தன்மையை 13 கிராம் நீரற்ற சலவைச் சோடா (சோடா ஆஷ்) சமாளித்துவிடும். சோப்பின் விலையையும் சோடாவின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கரிசல் காட்டில் சலவைத்தூள் செய்வதென்றால் முதலில் தண்ணீருக்கு மருந்து செய்வது என்பது புரிந்துவிடும். வெளிநாட்டு வீடுகளில் புழங்கும் செய்முறைகளை அப்படியே எடுத்து வந்து, சோப்பைத் துருவி, சோடா கொஞ்சம் வெங்காரம் கொஞ்சம் சேர்த்துக் கலக்குகிறவர்கள் இங்கே ஏமாறுவது இதனால்தான். மென்மையான தண்ணீருக்கு எழுதப்பட்ட அளவுகள் அவை.

இந்தக் கால்சியம் எங்கிருந்து வருகிறது? கரிசல் மண்ணை ஒரு முழம் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் அகப்படும். அது கால்சியம் கார்பனேட். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுக்கானைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. விருதுநகர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் நிறையக் கிடைப்பதால்தான் 1960களின் தொடக்கத்தில் ராமசாமிராஜா நகரில் சிமென்ட் ஆலை எழுந்தது. சிமென்ட்டுக்கு உதவும் அதே கால்சியம்தான் நம் வாளிக்குள் வந்து சோப்பைத் தின்கிறது. தாமிரபரணியிலிருந்து குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் இது குறைவு. ஆனால் அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். துவைக்கப் போர்வெல் தண்ணீர்தான்.

கடையில் தூள் வராத காலத்திலும் இந்த மண்ணில் துணி வெளுத்தது. வெயில் காலத்தில் தாழ்வான நிலங்களில் வெள்ளைப் பொருக்காகப் பூக்கும் உவர்மண்ணைச் சலவைத் தொழிலாளர்கள் சுரண்டி எடுத்து வருவார்கள். அதில் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் இருக்கின்றன. அதைக் கரைத்த தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து, பானைக்கு மேல் அடுக்கி, இரவு முழுக்க ஆவி ஏற்றுவதுதான் வெள்ளாவி. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்த உழைப்பின் கடுமை தெரியும். வெள்ளாவியின் வேதியியலை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். காரம் முதலில் தண்ணீரின் கால்சியத்தைப் படியவைக்கிறது. பிறகு உடம்பிலிருந்து துணியில் இறங்கிய எண்ணெய்ப்பசையைத் தாக்குகிறது. வியர்வையோடு சேர்ந்து காலரிலும் அக்குளிலும் தங்கும் அந்தப் பசையில் கொழுப்பு அமிலங்கள் கணிசமாக உண்டு. காரமும் கொழுப்பு அமிலமும் சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. வெளியிலிருந்து ஒரு துண்டு சோப்புகூடப் போடாமல், துணியில் இருந்த அழுக்கிலிருந்தே சோப்பை உண்டாக்கி, அந்தச் சோப்பாலேயே மிச்ச அழுக்கையும் வெளியேற்றிய முறை அது. வெப்பம் இதை விரைவாக்கியது. சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட ஒரு தொழிலுக்குள் இவ்வளவு துல்லியமான அறிவு இருந்தது என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்ல வேண்டும்.

இன்று அதே சோடாவுக்காக நிலத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. ஏழாயிரம்பண்ணையிலிருந்து தென்கிழக்கே போனால் தூத்துக்குடி, உப்பளங்களின் ஊர். உப்பையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு சோடா செய்யும் முறையை பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே 1861இல் கண்டார். உப்புக் கரைசலில் அம்மோனியாவைக் கரைத்து, அதற்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட் படியும். அதைச் சூடாக்கினால் சலவைச் சோடா. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை இதன் மாற்று வடிவம் ஒன்றைக் கையாள்கிறது. அதில் உடன்விளைவாக அம்மோனியம் குளோரைடு உரமும் கிடைக்கிறது. 2017 ஜனவரியில் இந்த ஆலை உலகச் செய்தியானது. தன் நிலக்கரிக் கொதிகலனின் புகைபோக்கியில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, அதையே சோடா தயாரிப்புக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அங்கே அமைந்தது. ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் பிடிப்பது இலக்கு. அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரு இளைஞர்கள். அரசு மானியம் இல்லாமல், வாங்கும் வாயுவைவிடப் பிடிக்கும் வாயு மலிவு என்ற கணக்கில் நடந்த வேலை என்பதால்தான் அது அத்தனை கவனம் பெற்றது.

சோடா தண்ணீரைச் சரிசெய்யும். எண்ணெயை ஓரளவு கரைக்கும். கரி, மண், கிரீஸ் போன்றவற்றைத் துணியிலிருந்து பிரித்துத் தண்ணீரில் மிதக்கவைக்க இன்னொரு பொருள் வேண்டும். ஒரு முனை தண்ணீரை விரும்ப, மறுமுனை எண்ணெயை விரும்பும் நீண்ட மூலக்கூறு. சோப்பு அப்படிப்பட்டது. தண்ணீரில் போட்டவுடன் இந்த மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு ஓடிப் பரவி, தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. தண்ணீர் இழைகளின் இடுக்குக்குள் நுழைகிறது. மேற்பரப்பில் இடம் நிறைந்த பிறகு, எண்ணெய் விரும்பும் முனைகளை உள்ளே வைத்துக்கொண்டு சிறு உருண்டைகளாகக் கூடுகின்றன. மைசெல் என்று பெயர். எண்ணெய் அழுக்கு அந்த உருண்டைக்குள் அடைபட்டுத் தண்ணீரோடு போகிறது. இப்படி ஒரு கூட்டம் சேரும் என்று வேதியியலாளர் ஜேம்ஸ் மெக்பெய்ன் 1913இல் சொன்னபோது மூத்த அறிவியலாளர்கள் எளிதில் ஏற்கவில்லை.

பரப்பு இழுவிசையைப் பற்றிய நம் அறிவின் தொடக்கத்தில் ஒரு சமையலறை இருக்கிறது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறக்காத காலத்தில், ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண் பெற்றோரைப் பராமரித்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய்ப்படலம் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்தார். தகரத் தொட்டி ஒன்றும், நகர்த்தக்கூடிய பட்டை ஒன்றும், தண்ணீர்ப் பரப்பிலிருந்து சிறு வட்டை மேலே இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்கும் தராசும்தான் அவர் கருவிகள். தான் கண்டதை 1891இல் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். அதே தொட்டியைச் செம்மைப்படுத்தி வேலை செய்த இர்விங் லாங்மியூர் 1932இல் நோபல் பரிசு பெற்றார். வீட்டில் செய்யும் சோதனையை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்லும் பெயர் பாக்கெல்ஸ்.

சோப்பையே வீட்டில் செய்யலாமே என்று கேட்கலாம். எண்ணெய்க்கு விருதுநகர் சந்தை இருக்கிறது. சாத்தூரில் சேவு பொரித்து மிஞ்சும் எண்ணெய் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தாமல் வேறு பொருளாக மாற்ற வேண்டும் என்று 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையமே வலியுறுத்துகிறது. ஒரு கிலோ கடலை எண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய 136 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு 183 கிராம். அதன் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் குட்டையானவை என்பதால் ஒரு கிலோவில் எண்ணிக்கை அதிகம். குட்டைச் சங்கிலி எளிதில் கரைவதால்தான் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடல்நீரிலும் ஓரளவு நுரைக்கிறது. ஆனால் எந்த எண்ணெயில் செய்தாலும் சோப்பு சோப்புதான், கால்சியத்திடம் தோற்கும். காஸ்டிக் சோடா சருமத்தையும் கண்ணையும் பொசுக்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முதல் முயற்சிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கால்சியத்துக்கு அதிகம் அஞ்சாத மூலக்கூறை மனிதர்கள் பஞ்சத்தில்தான் தேடினார்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. 1916இல் நிலக்கரித் தாரிலிருந்து ஒரு செயற்கை அழுக்குநீக்கியைச் செய்தார்கள். 1946இல் அமெரிக்காவில் டைட் என்ற சலவைத்தூள் வந்தது. இந்தியாவில் 1959இல் சர்ஃப் வந்தது. நடுத்தர வீடுகளுக்கே அது எட்டாத விலை. பிறகு 1969இல் அகமதாபாத்தில், குஜராத் அரசின் கனிமத் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்த கர்சன்பாய் படேல் என்ற வேதியியலாளர், வீட்டுக் கொல்லையில் கையாலேயே கலந்து ஒரு மஞ்சள் தூளைச் செய்தார். பாக்கெட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அலுவலகம் போகும் வழியில் வீடு வீடாக விற்றார். பெரிய கம்பெனித் தூள் கிலோ 13 ரூபாய் அளவில் விற்றபோது இவருடையது 3 ரூபாய் அளவில். மகள் நிருபமாவின் பெயரிலிருந்து வந்த நிர்மா அது. அதன் உள்ளடக்கத்தைப் பார்த்தால் பெரும்பகுதி சோடா ஆஷ். வெண்மையூட்டி இல்லை, பாஸ்பேட் இல்லை. கைக்குக் கொஞ்சம் காரமான தூள்தான். ஆனால் கிணற்றுத் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் துவைக்கிற நாட்டுக்குச் சோடாதான் முதல் தேவை என்பதை அந்தத் தூள் நிரூபித்தது. நிறுவனம் வளர்ந்த பிறகு படேல் தானே சோடா ஆஷ் ஆலையும் அமைத்தார்.

அந்தக் கொல்லையில் நடந்ததைத்தான் இன்றும் வீட்டில் செய்கிறோம். தேவை மூன்று பொருள். சோடா ஆஷ், அதுவும் எடை குறைந்த 'லைட்' ரகம், ஒரு கிலோ. கெமிக்கல் கடைகளில் 'ஆசிட் ஸ்லரி' என்று கேட்டால் தரும் கரும்பழுப்புத் திரவம் 150 கிராம். அழுக்கை எடுக்கும் மூலக்கூறு அதில்தான், இன்னும் அமில வடிவில், இருக்கிறது. அதன் மூலப்பொருளைச் சென்னை மணலியிலேயே பெட்ரோலியத்திலிருந்து தயாரிக்கிறார்கள். மூன்றாவதாக, சி.எம்.சி. என்ற பொடி 10 கிராம். பருத்தி அல்லது மரக்கூழின் செல்லுலோசிலிருந்து செய்வது.

பிளாஸ்டிக் டப்பில் சோடாவை முதலில் கொட்ட வேண்டும். ரப்பர் கையுறை, கண்ணாடி, மூக்கை மூடத் துணி, திறந்த வெளி. இவை இல்லாமல் தொடங்கக் கூடாது. ஸ்லரியை நூல் போல ஒழுகவிட்டு, மரத் துடுப்பால் ஓயாமல் கிளற வேண்டும். ஸ்லரி விழுந்த இடம் முதலில் கறுப்புக் கட்டியாக உருளும். கட்டியைத் துடுப்பின் முதுகால் அழுத்தி உடைத்தால் உள்ளே இன்னும் ஈரப் பழுப்பு தெரியும். அதைச் சுற்றிச் சோடா ஒட்டிக்கொண்டு மெல்ல வெளிறும். டப்பின் அடியைத் தொட்டால் சூடு. அமிலமும் காரமும் சேர்வதன் சூடு அது. வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியை மிகுதியாக இருக்கும் சோடாவே பைகார்பனேட்டாகப் பிடித்துக்கொள்வதால் பொங்கல் அடங்கியே இருக்கும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் கட்டிகளுக்குள் அமிலம் சிக்கி நிற்கும். பிறகு அந்தக் கட்டி துணியைக் கறையாக்கும். கறுப்பு முழுக்க மறைந்து வெளிர்மஞ்சளானதும் சி.எம்.சி.யைச் சேர்த்து, நிழலில் பரப்பி ஓர் இரவு விட்டு, மறுநாள் சல்லடையில் சலிக்க வேண்டும். சிறிதளவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் வழவழவென்று இருக்க வேண்டும்; மிச்ச அமிலம் இருக்கக் கூடாது.

150 கிராம் ஸ்லரியை நடுநிலையாக்க 25 கிராம் சோடாகூட வேண்டாம். மீதி 975 கிராம் எதற்கு? நம் போர்வெல் தண்ணீருக்கு. அங்கேதான் அளவை ஊருக்கு ஏற்ப மாற்றும் உரிமை இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் சோடாவைப் பாதியாகக் குறைக்கலாம். 600 கடினத்தன்மை உள்ள தண்ணீரில் வாளிக்கு ஒன்றரை முதல் இரண்டு மேசைக்கரண்டித் தூள் வேண்டியிருக்கும். தூளைத் தண்ணீரில் முதலில் கரைத்து, கலங்கல் தோன்றும் வரை பொறுத்து, அதன் பிறகு துணியை நனைக்க வேண்டும் என்பது என் அழுத்தமான பரிந்துரை. துணியையும் தூளையும் ஒன்றாகப் போட்டால் படிவு துணியின் இழையிலேயே போய் உட்காரும். செயற்கை மூலக்கூறும் கால்சியத்திடமிருந்து முழுக்கத் தப்புவதில்லை. சோப்பளவு மோசமாகத் தோற்காது, அவ்வளவுதான். சி.எம்.சி.யின் வேலை வேறு. அது பருத்தி இழையில் ஒட்டிக்கொண்டு எதிர்மின்னூட்டம் தருகிறது; ஒருமுறை வெளியேறிய கரித்துகள் மீண்டும் துணியில் படியவிடாமல் தள்ளுகிறது. பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தத் தூள் ஆகாது. புரத இழைகளைக் காரம் அரித்துவிடும்.

கரித்துகள் என்று சொன்னது சும்மா இல்லை. இந்த வட்டாரத்தில் துவைக்க வரும் துணிகளில் பல பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்வந்தவை. மருந்து அறையில் வேலை பார்த்து வீடு திரும்பும் பெண்ணை நோக்கிப் பிள்ளை ஓடி வந்தால், "தொடாத கண்ணு, மருந்து. குளிச்சிட்டு வாரேன்" என்று கையை விலக்கிக்கொள்வாள். புருவத்திலும் சேலை மடிப்பிலும் வெள்ளியாக மின்னும் அலுமினியப் பவுடர், மஞ்சளாகக் கந்தகம், கறுப்பாகக் கரித்தூள், கண்ணுக்குத் தெரியாமல் வெடியுப்பு. பேரியம் நைட்ரேட்டான பச்சை உப்பு 2018இல் உச்சநீதிமன்றம் தடை விதிக்கும் வரை தாராளமாகப் புழங்கியது. உடலுக்குள் போனால் நச்சு.

ஒவ்வொன்றும் தண்ணீரில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். வெடியுப்பு சாதாரணத் தண்ணீரிலேயே கரைந்துவிடும். அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீர் 30 கிராம் வரை ஏற்கும். கந்தகமும் கரியும் கரையவே கரையாதவை. சலவைத்தூளின் மூலக்கூறுகள் சூழ்ந்து தூக்கினால்தான் உண்டு. அலுமினியத்தின் கதை சுவையானது. பளபளக்கும் செதில் ரகப் பவுடரை ஆலையில் அரைக்கும்போது செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். அது ஒரு கொழுப்பு அமிலம். அதன் பூச்சு இருப்பதால் செதில் தண்ணீரில் நனையாமல் மிதக்கும். வெறும் தண்ணீரில் எத்தனை அலசினாலும் சேலையில் மினுமினுப்பு போகாது. சோடாவைக் கண்டதும் அந்தப் பூச்சு சோப்பாக மாறிக் கழன்றுவிடுகிறது. வெள்ளாவியில் நடந்ததேதான். பூச்சு போன பிறகு காரம் அலுமினியத்தையே தாக்கத் தொடங்கும். அலுமினியம் கரைந்து, நுண்ணிய குமிழ்களாக ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காரத் தூளையும் காஸ்டிக் சோடாவையும் அலுமினியப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்.

ஒரு சேலையில் ஒட்டிய தூளிலிருந்து வரும் ஹைட்ரஜன் மிகச் சொற்பம். ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. வேலைத் துணியைக் காய்ந்த நிலையில் உதறக் கூடாது. தூள் நுரையீரலுக்குள் போகும், அடுப்புப் பக்கம் என்றால் பற்றவும் பற்றும். நனைத்த துணியைக் குவியலாக மூடி வைக்கவும் கூடாது. அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும் என்பது ஆலையில் எல்லாரும் அறிந்த ஆபத்து. ஆகவே வரிசை இதுதான்: வீட்டுக்கு வெளியே, மற்றவர்களின் துணியோடு சேர்க்காமல், முதலில் நிறையச் சாதாரணத் தண்ணீரில் முக்கி அலசி வெடியுப்பைப் போக்க வேண்டும், பிறகு திறந்த வாளியில் சலவைத்தூள் கரைசல். முடியுமானால் வேலைச் சேலையை ஆலையிலேயே மாற்றிவிட்டு வரும் வசதியை நிர்வாகம் செய்து தர வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்தப் பட்டாசு மருந்துத் தூள் போகக் கூடாது என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

பட்டாசு வேலைக்குப் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும் என்று சொல்வதற்கும் நம் சலவைக்கும் தொடர்பு உண்டு. பருத்தி இழை காற்றின் ஈரத்தில் தன் எடையில் 8 சதவீதம் வரை உறிஞ்சி வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. பருத்தியின் அந்த ஈரத்தின் வழியாக நிலைமின்னூட்டம் கசிந்து போய்விடுகிறது. பாலியெஸ்டரில் அது சேர்ந்து, ஒரு பொறியாகக் குதிக்கும். தினம் கரியும் கந்தகமும் படியும் பருத்தியை வெளுப்பது கடினம் என்று சலித்துப் பாலியெஸ்டருக்குப் போகிறவர்கள் உண்டு. பருத்தியை எளிதில் வெளுக்கும் தூள் வீட்டில் இருந்தால் அந்தச் சலிப்பு குறையும்.

இனி துவைத்த தண்ணீர். விலை குறைந்த கடைத்தூள்களில் எடை கூட்டச் சாதாரண உப்பைச் சேர்ப்பதுண்டு. வீட்டில் செய்யும்போது அது வேண்டவே வேண்டாம் என்பேன். அழுக்குக்கு அதனால் பயன் இல்லை; மண்ணுக்குக் கேடு. கரிசலின் களிமண் தட்டுகளைப் பிணைத்து வைத்திருப்பது கால்சியம். நாம் வாளியில் கால்சியத்தைப் படியவைத்து, அதற்குப் பதில் சோடியத்தைத் தண்ணீரில் சேர்த்து வெளியே ஊற்றுகிறோம். சோடியம் ஏறிய களிமண் ஈரத்தில் ஊதிச் சிதறும். காய்ந்ததும் பாளமாக இறுகும். மழை பெய்தால் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். அதனால் முதல் துவைப்புத் தண்ணீரையும் கடைசி அலசல் தண்ணீரையும் பிரிக்க வேண்டும். சோடியம் குறைந்த அலசல் தண்ணீரைத் தென்னைக்கு விடலாம். பட்டாசுத் துணி அலசிய தண்ணீர் எந்தச் செடிக்கும் கிணற்றுப் பக்கத்துக்கும் போகக் கூடாது. முதல் துவைப்புத் தண்ணீர் கீரைப் பாத்திக்கும் காய்கறிக்கும் ஆகாது. வீட்டை விட்டுத் தள்ளி ஓர் உறிஞ்சுகுழிக்குள் போகட்டும். வழக்கமாக ஊற்றி வந்த இடத்தில் மண் ஏற்கெனவே இறுகியிருந்தால் ஜிப்சம் தூவிக் கொத்திவிட்டு, மழைக்காலத் தண்ணீரைத் தேக்கி வடியவிட வேண்டும். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை வெளியேற்றிக் களிமண்ணை மறுபடி பொலபொலப்பாக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது.